ஐந்தாம் இலக்கத்தின் பிழை

சிவநேசன் மட்டையோடு ஓடினான்.

பேஸ்போலில் பந்தை அடித்தவர் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஐம்பத்தெட்டு வயதுச் சிவநேசன் மட்டையை வலது கையில் இறுக்கிப் பிடித்தபடி, வயிறு முன்னே போக, தான் பின்னே போக, முதலாம் பேஸை நோக்கி ஓடினான். கிட்டப் போனதும் குனிந்து, கையை எட்டி நீட்டி, மட்டை நுனியை அந்த வெள்ளைச் சதுரத்தில் ஊன்றினான். கிரிக்கெட்டில் மட்டையைக் கோட்டுக்குள் வைத்துவிட்டால் ஆள் தப்பிவிடுவார் அல்லவா, அந்த நினைப்பு. ஊன்றிவிட்டு அங்கேயே நின்று, மூச்சு வாங்கியபடி நடுவரைப் பார்த்துத் தலையாட்டினான்.

எங்கள் முதலாம் பேஸ்காரன் கையில் பந்தோடு அவனை ஒரு கணம் பார்த்தான். பிறகு பேஸைக் காலால் மெல்ல மிதித்தான். அவுட்.

நான் சிரித்த சிரிப்பில் பென்சில் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கும்போதும் சிரித்தேன். வெளியே வாங்கில் இருந்த எங்கள் ஆட்கள் தொடையில் அடித்துச் சிரித்தார்கள். வெட்டிய ஈரப் புல்லின் மணமும் கருகிய சொசேஜ் மணமும் கலந்து வந்த செப்டெம்பர் ஞாயிறு அது. மூன்று நான்கு வருடம் இருக்கும்.

கொலோனிலிருந்து ஒரு வாசகர் கோபித்து எழுதியிருக்கிறார். இந்தத் தொடரில் ஊரில் உள்ள எல்லோரையும் நையாண்டி செய்கிறேனாம், என்னை மட்டும் விட்டுவிடுகிறேனாம். நியாயமான பேச்சு. இந்த வாரம் என் முறை. ஆனால் மற்றவர்களைத் தாண்டித்தான் என்னிடம் வர வேண்டியிருக்கிறது, அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதுகிறவரின் கூடு

எங்கள் ஊர் ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரயிலில் அரைமணி நேரம். முன்பு பக்கத்தில் அமெரிக்க இராணுவ முகாம் ஒன்று இருந்தது. அவர்கள் விட்டுப் போனவை இரண்டு. பூட்டிய கட்டடங்களும் இந்த விளையாட்டும். கட்டடங்களை ஜேர்மன்காரர் இடித்துவிட்டார்கள். விளையாட்டை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறார்கள்.

பார்க்க வருகிற கூட்டம் முப்பது பேரைத் தாண்டாது. அதில் பத்துப் பேர் வாட்டிய சொசேஜுக்காக வருகிறவர்கள், ஐந்து பேர் நாயை நடத்திக்கொண்டு போகும் வழியில் நிற்கிறவர்கள். மிச்சம் பெற்றோர். என் மகன் நிரோஷன் பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவனோடு போய்ச் சேர்ந்து, பிறகு அவனே எங்கள் அணியின் முக்கியமான எறிகாரனானான். அதனால் நானும் அந்தப் பதினைந்து பேரில் ஒருவனானேன்.

ஒவ்வொரு கழகமும் ஆட்டத்தைப் பதிவு செய்ய லிசென்ஸ் உள்ள ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை ஒருவரும் விரும்புவதில்லை. தபால் பொதிகளைப் பிரிக்கும் லாகரில் முப்பது வருடமாகப் பெட்டிகளின் இலக்கம் பார்த்தே கண் கெட்டவன் நான். "உங்களுக்கு இது லேசு" என்று பயிற்சியாளர் ஊவே சிரித்துக்கொண்டே என் தலையில் கட்டிவிட்டார். கார்ல்ஸ்ரூஹேயில் இரண்டு நாள் வகுப்பு, முடிவில் சோதனை. இந்த நாட்டில் முதல் தடவையிலேயே நான் பாஸ் பண்ணிய ஒரே சோதனை அதுதான்.

எழுதுகிறவருக்கு மைதானத்தின் ஓரத்தில் ஒரு மரக்கூடு உண்டு. மழைக்கு ஒழுகும், வெயிலுக்குப் பூஞ்சண மணம் அடிக்கும். அதற்குள் இருந்து ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறிக்க வேண்டும். பெரும்பாலும் யோசிக்க ஒன்றுமில்லை, பொதிக்கு இலக்கம் எழுதுவது போலத்தான். ஓர் இடத்தில் மட்டும் எழுதுகிறவரின் வாய்தான் சட்டம். அடித்தவர் பேஸை எட்டிவிட்டால், அது அவருடைய கெட்டித்தனமா, பந்தைத் தடுக்க வேண்டியவரின் பிழையா என்று முடிவு செய்வது அவர்தான். கெட்டித்தனம் என்றால் ஹிட். பிழை என்றால் ஈ என்ற ஆங்கில எழுத்தும், பிழை விட்டவர் நிற்கும் இடத்தின் இலக்கமும். ஹிட் என்றால் அடித்தவருக்குப் பெருமை. ஈ என்றால் அவர் மட்டையைத் தூக்கியதே வீண்.

வகுப்பு நடத்திய பெண்மணி, கூட்டுக்குள் போகும்போது கழகத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னார். மழைக்கோட்டைக் கழற்றுவது போலத்தான் என்றார். நான் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

வாங்குக்காரர்

கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீள வாங்கு. அதில் எங்கள் ஆட்கள். ஓய்வு பெற்ற பஸ் சாரதி குலம் அண்ணை நடுவில். தேத்தண்ணிப் பிளாஸ்கோடும் மீன் ரோல்ஸோடும் ரஞ்சி அக்கா அந்தத்தில். அவர்களுடைய பிள்ளைகள் ஒருவரும் விளையாடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையாவது திட்டாவிட்டால் குலம் அண்ணைக்குச் சோறு செமிக்காது, அதற்காக வருகிறார். ரஞ்சி அக்கா குலம் அண்ணையைத் திட்டுவதற்காக வருகிறார்.

எங்கள் அணிக்கு எறிகாரர் மூன்று பேர். நிரோஷன் நன்றாக எறிவான், ஆனால் எலெக்ட்ரிக் வேலையில் கூரைக்கு மேலே கை தூக்கித் தூக்கித் தோள் சோர்ந்துதான் ஞாயிறு வருவான். லூக்காஸ் என்ற மாணவன் காற்றாய் எறிவான், பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. மூன்றாவது ஆள் ஒரு பல் டாக்டர். அவருடைய பந்து வந்து சேருவதற்குள் ஒரு ரோல்ஸ் சாப்பிட்டு முடிக்கலாம்.

இந்த மூவரில் யாரை எப்போது விடுவது என்பதுதான் வாங்கின் வேதாந்தம். குலம் அண்ணை பல் டாக்டரை முதலில் விட வேண்டும் என்ற கட்சி. பந்து பழசானபின் நிரோஷனைக் கொண்டு வந்தால் பந்து திரும்புமாம். பேஸ்போலில் பந்தில் ஊத்தை பட்டாலே எறிந்துவிட்டுப் புதுசு எடுக்கிறார்கள் என்பதைக் கண்ட அன்று மனுஷன் கதிகலங்கிப் போனார். "இப்பிடியும் ஒரு விளையாட்டோ, பந்துக்கு வயசு போக விடாத விளையாட்டு" என்று வீட்டுக்குப் போகும்வரை புறுபுறுத்தார்.

பிறகு வேறு திட்டம் கொண்டு வந்தார். நிரோஷன் இரண்டு இன்னிங்ஸ் எறியட்டும், பிறகு வெளியே வந்து ஒரு தேத்தண்ணி குடித்துக் கையை ஆற்றட்டும், கடைசியில் திரும்ப இறங்கட்டும். வெளியே எடுத்த ஆளைத் திரும்ப இறக்க முடியாது என்று நான் கூட்டுக்குள் இருந்து பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் முதல் தடவை கேட்பது போலக் கேட்பார்.

ரஞ்சி அக்கா ஒருநாள் சொன்னார். "அண்ணை, நீங்கள் வாயால எறிஞ்சிருந்தா நாங்கள் எப்பவோ சாம்பியன்."

இந்த விவாதமெல்லாம் தமிழில் நடக்கும். ஊவேயைப் பற்றி அவருடைய தலைக்குப் பின்னாலேயே பேசுவார்கள். தன்னைப் புகழ்கிறார்கள் என்று நினைத்து அவர் திரும்பிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். சுற்றிவர ஒருவருக்கும் விளங்காது என்ற தைரியம் எங்களுக்கு. வெளிநாட்டில் இருக்கும் தமிழருக்கு அரசாங்கம் கொடுக்காமலே கிடைத்த சலுகை அது ஒன்றுதான், நாங்களாகவே எடுத்துக்கொண்டோம்.

கழுதை தேய்ந்த கதை

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் அணியை நாங்கள் அக்கரைக்காரர் என்போம். எங்கள் பிரிவில் பல வருடமாக அவர்கள்தான் முதலிடம். எங்களைத் தோற்கடிப்பது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் குளியல் மாதிரி. முகாமில் இருந்து இங்கேயே கலியாணம் கட்டித் தங்கிவிட்ட இரண்டு அமெரிக்கர்கள் அவர்களிடம் இருந்தார்கள். எறிந்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும்.

பிறகு ஒருவருக்கு முழங்கால் போயிற்று. மற்றவர் பெண்சாதியோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். பெடியள் படிக்கப் போனார்கள், வந்தவர்கள் வயிறு வைத்து வந்தார்கள். அவர்களுடைய ஸ்கோர் பலகையில் ஆறாம் இலக்கத் தகடு தொலைந்து, ஆறு ஓட்டம் வந்தால் ஒன்பதைத் தலைகீழாக மாட்டிச் சமாளித்தார்கள். அதைப் பார்த்துத்தான் முதன்முதலில் எங்களுக்குத் தெம்பு வந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பானதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று குலம் அண்ணை சந்தோஷப்பட்டார். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்களே என்று யாரோ ஞாபகப்படுத்த, "இது படுத்த யானையில்லை, புதைக்கக் குழி தேடுற யானை" என்றார்.

கடைசியில் அவர்களுக்கு எறிகிற ஆள் என்று மிஞ்சியது ஒரே ஒருத்தி. அபி. கையும் காலும் நீண்ட பிள்ளை, மருத்துவமனையில் தாதி. எங்கள் பிரிவில் ஆண் பெண் கலந்து விளையாடலாம். எங்கள் மூன்று எறிகாரரையும் ஒரு தட்டில் வைத்தாலும் அவள் இருக்கும் தட்டு இறங்கும். அக்கரைக்காரர் செத்தால் அவள் எங்களிடம்தான் வர வேண்டும், வேறு கழகம் கிட்டத்தில் இல்லை. எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம் என்று வாங்கு முழுக்கக் காத்திருந்தது.

அபி சிவநேசனின் மகள்.

ஓர் ஓவர்

சிவநேசனும் நானும் ஒரே ஹைமில், அகதிகளை வைத்திருக்கும் விடுதியில், இருந்தவர்கள், ஒரே இரட்டைக் கட்டிலில். அவன் மேலே, நான் கீழே. விசா இல்லை, வேலை செய்ய அனுமதி இல்லை, ஊர் எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. ஹைமின் கார் நிறுத்தும் இடத்தில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடினோம். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் நான்தான் ஸ்கோர் எழுதினேன். சண்டை வராத நாளில்லை. அது நாலா இரண்டா, அவுட்டா இல்லையா என்று கையைப் பிடிக்கும் அளவுக்குப் போகும்போது சிவநேசன் குறுக்கே வருவான். "அவன் எழுதினா சரி" என்பான். அதோடு சண்டை முடிந்துவிடும். அவனுக்கு எதிரான முடிவாக இருந்தாலும் அதையே சொல்வான்.

சில வருடம் கழித்து, எல்லோருக்கும் விசாவும் வேலையும் பெண்சாதியும் வந்தபிறகு, பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடையில் தமிழர் விளையாட்டுப் போட்டி நடந்தது. எங்கள் அணிக்குச் சிவநேசன் தலைவன். இறுதி ஆட்டம், கடைசி ஓவர், அவர்களுக்கு இன்னும் ஆறு ஓட்டம் தேவை. நான் அன்று நன்றாகப் போட்டிருந்தேன், எனக்கு ஓர் ஓவர் மிச்சம் இருந்தது. பந்துக்காகக் கையை நீட்டினேன். சிவநேசன் பந்தைத் தன் பெண்சாதியின் தம்பியிடம் கொடுத்தான். இரண்டே பந்தில் ஆட்டம் முடிந்தது.

பரிசு கொடுக்கும் இடத்தில், பெண்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால், நான் ஒரு வசனம் சொன்னேன். ஊரில் மாப்பிள்ளைக்குத்தான் சீதனம் குடுக்கிறது, இஞ்ச மாப்பிள்ளை மச்சானுக்கு ஓவரைச் சீதனமாக் குடுக்கிறார் என்று. கூட்டம் சிரித்தது. நல்ல வசனம்தான், இப்போதும் எனக்குப் பிடிக்கும். சிவநேசனின் பெண்சாதி சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அக்கரைக்கு வீடு மாறிப் போனான். அதன் பிறகு நாங்கள் இருபது வருடம் பேசவில்லை.

ஓர் ஓவருக்காக. எறிகாரரை எப்படி மாற்றுவது என்று குலம் அண்ணை மணிக்கணக்கில் கதைக்கும்போது நான் கூட்டுக்குள் இருந்து இளக்காரமாகச் சிரிப்பேன். தன் முதுகு தனக்குத் தெரியாது.

ஒன்பதாவது ஆள்

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், அக்கரைக்காரரோடு. அவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை ஆள் போதாமல் வராமலே விட்டிருந்தார்கள். மூன்றாம் முறையும் ஒன்பது பேர் இல்லையென்றால் பட்டியலில் இருந்தே பெயரை வெட்டிவிடுவார்கள். அந்த வருடம் அவர்கள் விளையாடிய ஆட்டமெல்லாம் விளையாடாததாகிவிடும்.

ரஞ்சி அக்கா அவர்களுடைய கார்களில் இருந்து இறங்கிய தலைகளை எண்ணினார். எட்டு. இன்னொரு தடவை எண்ணினார். எட்டுத்தான். குலம் அண்ணை பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார், கலியாண வீட்டுக்காரர் மாதிரி. அபி எங்கள் பக்கம் வந்தால் அடுத்த வருடம் யாரை எப்போது விடுவது என்ற விவாதம் அங்கேயே தொடங்கிவிட்டது. அவள் இருபது அடி தள்ளி நின்று சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கழிப்பறைப் பக்கமிருந்து சிவநேசன் வந்தான். அணிச் சீருடையில். மேற்சட்டை வயிற்றில் இறுகி, முதுகில் இருந்த இலக்கம் பாதி உள்ளே மடிந்து கிடந்தது. ஆள் குறையத் தொடங்கியபோது அக்கரைக் கழகம் தகப்பன்மார் எல்லோருக்கும் விளையாட்டுப் பாஸ் எடுத்து வைத்திருந்ததாம். மற்றத் தகப்பன்மார் ஒருவரும் வரவில்லை. அவன் வந்தான். மகளின் கழகம் கடதாசியில் சாகாமல் மைதானத்தில் நின்று முடியட்டும் என்று வந்தான்.

கூட்டின் யன்னலில் பாஸைக் கொண்டு வந்து வைத்தான். நான் படத்தைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன், பெயரை எழுதினேன். இருபது வருடத்தில் தலைமயிர் முழுக்க நரைத்திருந்தது. பாஸ் சரியாக இருந்ததில் எனக்கு ஏமாற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு நடந்ததுதான் தொடக்கத்தில் எழுதிய மட்டை ஓட்டம். இரண்டாம் இன்னிங்ஸ். அடுத்த முறை அவன் மட்டை பிடித்தபோது மூன்று பந்தும் காற்றில். வாங்கு அவனுக்குப் புதுப் புதுப் பெயர் வைத்துக்கொண்டிருந்தது, அதில் இரண்டு நான் கொடுத்தவை.

ஏழாம் இன்னிங்ஸ்

எங்கள் பிரிவில் ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். அன்று நிரோஷன் எறிந்த எறியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. குறி தவறிய பந்துகளால் சிலரை இலவச நடையாக முதலாம் பேஸுக்கு விட்டிருந்தான், ஆனால் ஆறு இன்னிங்ஸ் முடியும்வரை ஒருவரும் ஒரு ஹிட் அடிக்கவில்லை. ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடிப்பது என்பது ஓர் எறிகாரன் வாழ்நாளெல்லாம் கதைக்கக்கூடிய பெருமை. எங்கள் கழகத்தில் ஒருவரும் அதைச் செய்ததில்லை. ஊவே நகம் கடித்துக்கொண்டிருந்தார். சொசேஜ் சுடுகிறவர்கூடக் கரண்டியை வைத்துவிட்டு வேலிப் பக்கம் வந்துவிட்டார்.

ஏழாம் இன்னிங்ஸ், இரண்டு அவுட். எங்களுக்கு மூன்று, அவர்களுக்கு ஒன்றுமில்லை. மட்டையோடு வந்தவன் சிவநேசன்.

அவன் மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கவில்லை. கிரிக்கெட்டில் நிற்பது போலக் குனிந்து, நிலத்தில் இரண்டு தடவை தட்டினான். வாங்கில் மறுபடி சிரிப்பு. நிரோஷனுக்குத் தோள் சோர்ந்திருந்தது, எனக்குத் தெரிந்தது. பந்து தாழ வந்தது. சிவநேசன் ஒரு முழங்காலை மடித்து, ஹைமின் கார் நிறுத்துமிடத்தில் ஆயிரம் தடவை அடித்த அதே அடியை அடித்தான்.

பந்து நிலத்தோடு நிலமாக மூன்றாம் பேஸ் பக்கம் பறந்தது. அங்கே நின்ற எங்கள் ரிக்கோ உடம்பைப் பக்கவாட்டில் முழுதாக எறிந்து பாய்ந்தான். கையுறையின் நுனியில் பட்டுப் பந்து புல்லுக்குள் போயிற்று. சிவநேசன் இந்தத் தடவை மட்டையைப் போட்டான். போட்டது மட்டுமில்லை, எங்கோ தூக்கி எறிந்தான். ஓடி வந்து முதலாம் பேஸில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றான்.

மைதானமே என் கூட்டைத் திரும்பிப் பார்த்தது.

பாய்ந்து விரல் நுனியால் தொட்ட பந்தைப் பிழை என்று ஒருவரும் எழுத மாட்டார்கள். வகுப்பில் முதல் நாளே சொல்லித் தந்த பாடம் அது. அது ஹிட். குருடனுக்கும் அது ஹிட். நான் பென்சிலை எடுத்தேன்.

அப்போது குலம் அண்ணை வாங்கில் இருந்து எழும்பி, பஸ்ஸுக்குள் பின்சீட்டுக்காரரை அழைக்கும் குரலில், எல்லோருக்கும் கேட்கத் தமிழில் சொன்னார். "பிழை எண்டு போடு. ஆருக்கு விளங்கப் போகுது."

ஊவேக்கு விளங்கவில்லை. நடுவருக்கு விளங்கவில்லை. முப்பது பேரில் வாங்கைத் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை. முதலாம் பேஸில் நின்ற ஒருவனுக்கு விளங்கியது. அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். எங்கள் தைரியத்துக்கு ஒரு தமிழன் எதிர்ப்பக்கம் நிற்பான் என்பது மறந்து போயிருந்தது.

நான் எழுதினேன். ஈ. பக்கத்தில் மூன்றாம் பேஸ்காரனின் இலக்கமான ஐந்து.

மகனுக்காகச் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், பெற்ற மனம் என்று மன்னித்தும் விடுவீர்கள். அது பொய். எழுதும்போது என் நினைவில் நிரோஷன் இல்லை. கையை நீட்டிக்கொண்டு நான் நிற்க, பந்து என்னைத் தாண்டி இன்னொருவன் கைக்குப் போனதுதான் நினைவில் இருந்தது.

அடுத்த ஆள் மூன்று பந்தில் போனார். எல்லோரும் ஓடிவந்து நிரோஷன் மேல் விழுந்தார்கள்.

ரோசாத் தாள்

ஆட்டத் தாள் மூன்று பிரதி. வெள்ளைத் தாள் பேஸ்போல் சங்கத்துக்கு, மஞ்சள் எங்களுக்கு, ரோசா எதிரணிக்கு. ரோசாத் தாளை வாங்க வழக்கமாகப் பயிற்சியாளர் வருவார். அன்று சிவநேசன் வந்தான். தாளைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துத் தன் பெயரைத் தேடினான். பிறகு யன்னலில் வைத்து, விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டான்.

"இந்த ஈ என்ன?"

"பிழை" என்றேன். "எங்கட பெடியன்ரை பிழை."

"அப்ப நான் அடிச்சது?"

"அது சேராது."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு ஒன்றிரண்டு வசனம் தயாராக இருந்தது.

"ஓம்" என்றான். "நீ எழுதினா சரி."

தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். கேலியாகச் சொன்னானா, உண்மையாகவே சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேலி என்றால் எனக்குத் தகும். உண்மை என்றால் அதைத் தாங்க என்னால் ஏலாது.

வீட்டுக்கு வரும் வழியில் நிரோஷன் காரில் என் பக்கத்தில் இருந்தான். ஊவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பந்து அவன் மடியில் இருந்தது. எங்கள் வீதியில் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தான். "அப்பா, அது ஹிட். ரிக்கோ தொட்டதே பெரிய விசயம். எனக்கு இந்தப் பந்து வேண்டாம்." பந்தைக் காரின் கதவுப் பைக்குள் போட்டுவிட்டு இறங்கிப் போனான். இப்போதும் அது அங்கேதான் கிடக்கிறது. திருப்பத்தில் டொக்கென்று கதவில் இடிக்கும்.

அந்தக் குளிரிலே அக்கரைக் கழகம் கலைந்தது. வசந்தத்தில் அபி பையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். வாங்கு ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. இரண்டு ஞாயிறு கொண்டாடினார்கள். மூன்றாம் ஞாயிறு குலம் அண்ணைக்குக் கதைக்க ஒன்றும் இல்லை. யாரை விடுவது என்ற கேள்வியே இல்லாமல் போயிற்று, அபியைத்தான் விடுவது. நக்கல் அடிக்க அக்கரையும் இல்லை. அணிகள் போதாமல் எங்கள் பிரிவையே பெரிய நகரங்களின் பிரிவோடு சேர்த்துவிட்டார்கள். அபி எறியாத நாளெல்லாம் அவர்களிடம் செமத்தியாக வாங்குகிறோம். எங்கள் ஸ்கோர் பலகையைக் காட்டி அவர்களுடைய ஆட்கள் சிரிக்கிறார்கள். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று விளங்காததால் குலம் அண்ணைக்கு இரட்டைக் கோபம்.

சிவநேசன் மகளைக் கொண்டு வந்து விடுவான். காரை விட்டு இறங்க மாட்டான்.

போன மாதம் ரஞ்சி அக்காவின் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு நின்றபோது அபி தானாகவே சொன்னாள். "அப்பா அந்த ரோசாத் தாளை ஃப்ரிட்ஜில ஒட்டி வச்சிருக்கிறார், மாமா. வாற ஆக்களுக்கெல்லாம் காட்டுறவர். தான் பேஸுக்குப் போனதாம். ஈ எண்டா என்னெண்டு ஆரும் கேட்டா, அது எழுதினவருக்குத்தான் தெரியும் எண்டுவார்."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுக் கூட்டுக்குள் போய் இருந்தேன்.

அடுத்த நாள் சங்கத்துக்கு எழுதிக் கேட்டேன், பழைய தாளைத் திருத்த ஏதாவது ஆன்ட்ராக், ஒரு விண்ணப்பம், உண்டா என்று. மரியாதையாகப் பதில் வந்தது. அவ்வளவு காலம் சென்றபின் திருத்துவதில்லையாம், அந்தப் பிரிவும் இப்போது இல்லையாம். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் இருக்கும் என்று நம்பி முப்பது வருடம் வாழ்ந்துவிட்டேன்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். சிவநேசன், ஏழாம் இன்னிங்ஸ், இரண்டு அவுட்டுக்குப் பிறகு, மூன்றாம் பேஸ் பக்கமாக: ஹிட். சுத்தமான ஹிட். ரிக்கோவின் மேல் பிழையில்லை. பிழை கூட்டுக்குள் இருந்தவனுடையது.

சிவா, நீ இந்தப் பத்திரிகையைத் தமிழ்க் கடையில் எடுத்து வாசிக்கிறாய் என்று அபி சொன்னாள். ஃப்ரிட்ஜில் இருக்கிற தாளைக் கழற்றி மேசையில் வை. ஞாயிறு பின்னேரம் வாறன். பென்சில் என்னட்டை இருக்கு.